ஜெர்மானியா: சாவோ பாவுலோவில் மறைந்துபோன ஒரு கால்பந்து அணி

பிரேசில் நாட்டின் முதல் கால்பந்து லீக், அதாவது கழகங்கள் முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி ஒன்றையொன்று எதிர்த்து ஆடிப் புள்ளிகளின் அடிப்படையில் சாம்பியனைத் தீர்மானிக்கும் முறை, 1902-ஆம் ஆண்டு சாவோ பாவுலோ நகரில் ஐந்து கழகங்களோடு தொடங்கியது. அந்த ஐந்தில் ஒன்றுகூட இன்று அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்தில் இல்லை. அவற்றுள் ஒன்றான ஜெர்மானியா விளையாட்டுக் கழகம், ஹாம்பர்க் நகரிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர் ஒருவரின் முயற்சியால் 1899-இல் உருவாகி, 1906-இலும் 1915-இலும் சாம்பியன் பட்டம் வென்று, 1930-களின் தொடக்கத்தில் தன் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. இக்கழகத்தின் மறைவுக்கு இரண்டாம் உலகப் போரே காரணம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பிரேசில் அரசு ஜெர்மன் பெயர்களுக்கு எதிராக எடுத்த நடவடிக்கைகளால் கழகம் பெயரை இழந்தது உண்மையாதலால், அணியும் அப்போதே மறைந்தது எனக் கொள்வது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. போர் பெயரைப் பறித்தபோது பறிப்பதற்கு அங்கே கால்பந்து அணி இருக்கவில்லை. சம்பளம் வாங்கி ஆடுவோரை ஏற்க மறுத்த ஒரு வர்க்கத்தின் நம்பிக்கை, ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே அதை முடித்து வைத்திருந்தது.

கழகத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள அது பிறந்த நகரத்தையும், அந்நகரத்து ஜெர்மானியர் எத்தகையோர் என்பதையும் முதலில் காண வேண்டும். பிரேசிலில் ஜெர்மன் குடியேற்றம் 1824-இல் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லின் சாவோ லியோபோல்டோவில் தொடங்கியது. அங்கும் சாந்தா கத்தரீனா மாநிலத்திலும் காடு திருத்திக் குடியமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள், கைவினைஞர்கள். சாவோ பாவுலோவுக்குப் பிற்காலத்தில் வந்த ஜெர்மானியரோ பெரும்பகுதி வேறு வகையினர். வணிக நிறுவன எழுத்தர்கள், இறக்குமதி வியாபாரிகள், பொறியாளர்கள், மருந்து வணிகர்கள், பீர் ஆலை நடத்துவோர். அவர்களை அங்கே இழுத்தது காபி. உள்நாட்டு மேட்டு நிலத் தோட்டங்களில் விளைந்த காபியைச் சாந்தோஸ் துறைமுகத்துக்கு இறக்க ஆங்கிலேய முதலீட்டில் போடப்பட்ட இருப்புப்பாதை 1867-இல் திறக்கப்பட்டது. அந்தத் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் காபி அனுப்பிய நிறுவனங்களுள் முன்னணியில் நின்ற தியோடோர் வில்லே நிறுவனம் ஹாம்பர்க்கைச் சேர்ந்தது. 1871-இல் தொடங்கப்பட்ட ஹாம்பர்க் தென்னமெரிக்கக் கப்பல் நிறுவனம் இரு துறைமுகங்களையும் ஒழுங்கான பயணங்களால் இணைத்தது. 1890-இல் ஏறத்தாழ 65,000 பேர் வாழ்ந்த சாவோ பாவுலோ, பத்தே ஆண்டுகளில் 2,40,000 பேர் வாழும் நகரமாகப் பெருகியது. வந்தோரில் மிகப் பெரும்பாலோர் இத்தாலியர். ஜெர்மானியர் எண்ணிக்கையில் சிறுபான்மையினரே ஆயினும், பணத்தாலும் கல்வியாலும் நகரத்து மேல்தட்டுக்கு அருகில் இருந்தனர். கழகத்தின் வரலாறு நெடுகிலும் இந்த நிலை செயல்பட்டது என்பதால் இதை மனத்தில் இருத்த வேண்டியுள்ளது.

ஜெர்மானியர் குடியேறிய இடமெல்லாம் சங்கம் வைப்பவர்கள். பாட்டுச் சங்கம், துப்பாக்கி சுடும் சங்கம், வாசக சாலை, நோயுதவிச் சங்கம் என்று பல வகைகள் இருந்தன. ரியோ டி ஜெனீரோவில் ஜெர்மானியா என்ற பெயரிலேயே ஒரு மன்றம் 1821 முதல் இயங்கியது. உடற்பயிற்சிக்கென்று அவர்கள் கொண்டிருந்தது ‘டுர்னென்’ எனப்படும் மரபு. நெப்போலியன் காலத்தில் ஃபிரீட்ரிஷ் லுட்விக் யான் வகுத்த இம்மரபில், இணைச்சட்டம், குதிரைத்தாண்டல், வளையம் போன்ற கருவிகளில் கூட்டாகவும் ஒழுங்காகவும் பயில்வதே நாட்டுப்பற்றின் அடையாளமாகக் கருதப்பட்டது. போட்டி, வெற்றி, சாதனை ஆகியவற்றுக்கு அதில் இடம் குறைவு. எனவே இங்கிலாந்திலிருந்து வந்த கால்பந்தை டுர்னென் ஆசிரியர்கள் அந்நிய நோய் என்றே பழித்தனர். பிரவுன்ஷ்வைக் நகரப் பள்ளி ஆசிரியரான கொன்ராட் கோச் 1874-இல் மாணவர்களுக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்து வழிகாட்டியிருந்தும், 1898-இல் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் கார்ல் பிளாங்க் பந்தை உதைக்கும் செயலே மனிதனைக் குரங்கின் நிலைக்குத் தாழ்த்துகிறது என்னும் பொருளில் ஒரு கண்டன நூல் எழுதும் அளவுக்கு எதிர்ப்பு இருந்தது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900 ஜனவரியில்தான் லைப்சிக் நகரில் அமைந்தது. இதன் பொருள், சாவோ பாவுலோவின் ஜெர்மானியா அணி தாய்நாட்டின் தேசியச் சங்கத்தைவிடச் சில மாதங்கள் மூத்தது என்பதாகும். குடியேறிகள் தம்மோடு கொண்டுவந்தது ஊரில் வேரூன்றிய ஒரு வழக்கத்தை அன்று. ஊரிலேயே இன்னும் வழக்குக்கு வராத, ஐயத்தோடு நோக்கப்பட்ட ஒரு புதுமையை.

அந்தப் புதுமைக்கு ஜெர்மனியில் முதலில் இடம் கொடுத்த நகரங்களுள் ஹாம்பர்க் ஒன்று. ஆங்கிலேயக் கப்பல் வணிகர் நிறைந்த துறைமுகம் என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. அங்கே 1887-இல் இரு சிறு சங்கங்கள் இணைந்து உருவான ஜெர்மானியா விளையாட்டுக் கழகம் முதலில் ஓட்டம், தாண்டல் முதலிய தடகளப் போட்டிகளையே நடத்தியது. 1891 முதல் கால்பந்தையும் மேற்கொண்டது. அக்கழகத்தில் ஆடிப் பழகிய ஹான்ஸ் நோபிலிங் 1897-இல் சாவோ பாவுலோவுக்கு வந்தபோது தம்மோடு ஒரு பந்தையும் தம் பழைய கழகத்தின் விதிமுறைகளையும் கொண்டுவந்தார் என்று பிரேசில் கால்பந்து வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பந்தைவிட விதிமுறைகளே முக்கியமானவை என்று கருத இடமுண்டு. ஏனெனில் பந்து அந்நகரத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் சார்லஸ் மில்லர். ஸ்காட்லாந்துக்காரரான இருப்புப்பாதை அலுவலர் ஒருவருக்குச் சாவோ பாவுலோவில் 1874-இல் பிறந்து, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் படித்துவிட்டு 1894-இல் திரும்பிய இவர், அடுத்த ஆண்டு ஏப்ரலில் எரிவாயு நிறுவன ஊழியர்களுக்கும் சாவோ பாவுலோ இரயில்வே ஊழியர்களுக்கும் இடையே நடத்திய ஆட்டமே பிரேசில் கால்பந்தின் தொடக்கமாகப் பள்ளி நூல்களில் இடம்பெறுகிறது. ஆனால் மில்லர் சார்ந்திருந்த சாவோ பாவுலோ தடகளக் கழகம், கிரிக்கெட்டுக்காக ஆங்கிலேயர் 1888-இல் அமைத்தது. அதன் உறுப்பினர்கள் தமக்குள்ளேயே இரு அணிகளாகப் பிரிந்து ஆடுவதோடு நிறைவடைந்தனர். அமெரிக்க மதபோதகர்கள் நடத்திய மெக்கன்சி கல்லூரியின் மாணவர்கள் 1898-இல் ஓர் அணி அமைத்தனர். வந்திறங்கிய நோபிலிங்குக்கு ஆங்கிலேயர் கழகத்தில் இடம் கிடைக்காததால், ஜெர்மானியரும் பிற நாட்டவரும் கலந்த தம் நண்பர்களைத் திரட்டி, தம் பெயராலேயே அழைக்கப்பட்ட ஓர் அணியை உருவாக்கினார். 1899-இல் இந்த அணியும் மெக்கன்சி மாணவர் அணியும் மோதிய ஆட்டம் கோல் இன்றிச் சமனில் முடிந்தது; ஒரே நிறுவனத்தின் உள்வட்டத்துக்குள் நில்லாமல் தனித்தனி அமைப்புகள் தம்முள் மோதிய முதல் ஆட்டங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. மில்லர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்றால், எதிரணி என்ற ஒன்றை நகரத்துக்கு அளித்தவர்களில் நோபிலிங் முதன்மையானவர். எதிரணி இல்லாத ஊரில் ஆட்டம் பொழுதுபோக்காகவே நின்றுவிடும் என்பதால், வரலாற்றாசிரியர்கள் இவருக்குத் தந்துள்ள இடம் போதாது என்றே சொல்ல வேண்டும்.

பெயருள்ள, பதிவுள்ள கழகமாக மாற வேண்டும் என்று 1899 ஆகஸ்டில் அந்த நண்பர் குழு கூடியபோது பிளவு நேர்ந்தது. ஹாம்பர்க் கழகத்தின் பெயரையும் விதிகளையும் ஏற்று ஜெர்மானியா என்றே அழைக்கலாம் என்பது நோபிலிங்கின் முன்மொழிவு. கூடியிருந்தவர்களில் பிரேசிலியர், பிரெஞ்சுக்காரர், போர்ச்சுக்கீசியர், ஆங்கிலேயர் எனப் பலரும் இருந்தமையால் பெரும்பான்மையினர் அதை ஏற்காமல், அனைவருக்கும் பொதுவாக இன்டர்நேஷனல் என்று பெயரிட்டனர். தோற்ற தரப்பினர் வெளியேறி, சில வாரங்களுக்குள் செப்டம்பர் 7 அன்று ஜெர்மானியா விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினர். அந்நாள் பிரேசிலின் விடுதலை நாள். அலுவலகங்கள் மூடியிருக்கும் விடுமுறை என்பதால் எழுத்தர்களும் வணிகர்களும் கூடுவதற்கு வாய்ப்பாக இருந்திருக்கும். சீருடைக்கு ஹாம்பர்க் கழகத்தின் நீலமும் கறுப்புமே எடுத்துக்கொள்ளப்பட்டன.

இந்தப் பிளவை வெறும் இனப்பற்றின் வெளிப்பாடாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். ஆங்கிலேயருக்கு அவர்கள் கழகமும், கல்லூரி மாணவர்க்கு அவர்கள் கழகமும் இருந்த ஊரில், இடம் மறுக்கப்பட்டவர்கள் தமக்கென ஒன்றைக் கேட்டனர். அவர்கள் கேட்டது சமூக மதிப்பு. குடியேறிய நாட்டில் ஆங்கிலேய இரயில்வே அலுவலருக்குச் சமமாகத் தலைநிமிர்ந்து மைதானத்தில் நிற்கும் தகுதியை அந்தப் பெயர் வழங்கியது. அதே வேளையில் அந்தப் பெயர் ஒரு வேலியாகவும் அமைந்தது என்பதையும், வேலிக்கு உள்ளே வர விரும்பியோர் நல்ல குடும்பம், நல்ல வேலை, சந்தா கட்டும் வசதி ஆகியவற்றை உடையவர்களாக இருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க முடியாது. மொழியால் பிரிந்த இக்கழகங்கள் அனைத்தும் செல்வ நிலையால் ஒன்றாகவே இருந்தன. 1900 டிசம்பரில் நகரத்தின் காபிப் பெருங்குடும்பங்களின் பிள்ளைகள் பாலிஸ்தானோ கழகத்தை அமைத்தபோது அந்த வட்டம் முழுமை பெற்றது.

தொடக்க ஆட்டங்கள் போம் ரெட்டீரோ பகுதியில் டல்லி குடும்பத்துக்குச் சொந்தமான தோட்ட நிலத்தில் நடந்தன. 1901 டிசம்பரில் சாவோ பாவுலோ தடகளக் கழகம், மெக்கன்சி, இன்டர்நேஷனல், ஜெர்மானியா, பாலிஸ்தானோ ஆகிய ஐந்தும் கூடிப் பாலிஸ்தா கால்பந்து லீக்கை நிறுவின. பாலிஸ்தா என்பது சாவோ பாவுலோ மாநிலத்தவரைக் குறிக்கும் அடைமொழி. லீக்கின் முதல் ஆட்டம், அதாவது பிரேசில் மண்ணில் சாம்பியன் பட்டத்துக்காக நடந்த முதல் ஆட்டம், 1902 மே 3 அன்று மெக்கன்சிக்கும் ஜெர்மானியாவுக்கும் இடையே நடந்து, 2-1 என மெக்கன்சியின் வெற்றியில் முடிந்தது. ஜெர்மானியாவுக்கு அத்தோல்வியைவிட அது நடந்த இடம் வரலாற்றில் பெரிது. நகரின் மேற்கே ஆகுவா பிராங்கா பகுதியில், ஜெர்மன் குடியேறிகளின் முதலீடு வலுவாக இருந்த அன்டார்க்டிகா பீர் நிறுவனம் தன் ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும் அமைத்திருந்த பூங்காவினுள் அம்மைதானம் இருந்தது. ஜெர்மானியா அதைக் குத்தகைக்கு எடுத்து ஆடியது. பீர் ஆலைப் பூங்காவுக்கு மரநிழலில் குடும்பத்தோடு வந்தவர்கள் ஆட்டத்தையும் பார்த்தனர். பாலிஸ்தானோ கழகத்தின் மைதானமாக விளங்கிய வெலோட்ரோமோ, மிதிவண்டிப் பந்தயத்துக்காகப் பிராடோ என்னும் பெருங்குடும்பம் கட்டியதாதலால், அங்கே பார்வையாளர் இருக்கைகளில் பட்டாடையும் தொப்பியும் நிறைந்திருந்தன. இவ்விரு மைதானங்களும் பின்னாளில் இரு தரப்புகளாக நின்றதற்கான விதை இங்கேயே இருந்தது.

முதல் மூன்று ஆண்டுகள் பட்டம் ஆங்கிலேயரிடமே இருந்தது. 1905-இல் பாலிஸ்தானோ வென்றது. ஜெர்மானியாவின் ஆட்டத் தரத்தை உயர்த்தியவர் ஹெர்மான் ஃபிரீஸே. நோபிலிங்கைப் போலவே ஹாம்பர்க்கிலிருந்து, 1903-இல் வந்த இவர் நடுத்தூர ஓட்டத்திலும் பேர்பெற்றவர். ஆடுவதோடு நில்லாமல் பயிற்சி அளித்தல், நடுவராக இருத்தல் ஆகியவற்றையும் மேற்கொண்டார். 1905 லீக்கில் 14 கோல்கள் அடித்து அதிகக் கோல் அடித்தவராக விளங்கினார். 1902-இல் மில்லர் அந்த இடத்தைப் பிடிக்கப் பத்துக் கோல்களே போதுமாயிருந்தன என்பதை ஒப்புநோக்கினால் இதன் அளவு விளங்கும். அடுத்த ஆண்டான 1906-இல் ஜெர்மானியா முதன்முறையாகச் சாம்பியன் பட்டம் பெற்றது.

ஆயினும் ஜெர்மானியா பிரேசில் கால்பந்துக்கு அளித்த பெருங்கொடை அந்தப் பட்டம் அன்று. அது 1909-இல் அந்த அணிக்காக முதன்முதலில் களமிறங்கிய ஒரு பதினேழு வயதுச் சிறுவன்: ஆர்தர் ஃபிரீடன்ரைக். 1892-இல் சாவோ பாவுலோவில் பிறந்த இவருடைய தந்தை ஜெர்மன் வழிவந்த வணிகர். தாய் மாதில்டே, அடிமை நிலையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பத்தின் மகள். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே மாதத்தில்தான். அச்சட்டத்துக்கும் இக்குழந்தையின் பிறப்புக்கும் இடையே நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அக்காலத்தில் மேல்தட்டுக் கழகங்கள் கறுப்பினத்தவருக்கு முற்றிலும் மூடியிருந்தன. தந்தையின் பெயரும் நிலையும் ஜெர்மானியாவின் கதவைத் திறந்தன. தாயின் நிறத்தைச் சுமந்த மகன் அந்தக் கதவின் வழியே உள்ளே வந்தார். பச்சைக் கண்களும் சுருண்ட கூந்தலும் உடைய அவர், ஆட்டத்துக்கு முன் தலைமயிரை எண்ணெய் தடவி, துண்டு சுற்றி, படிய வைப்பதில் நெடுநேரம் செலவிட்டதைப் பத்திரிகையாளர் மாரியோ ஃபில்லோ, பிரேசில் கால்பந்தில் கறுப்பினத்தவர் பற்றி 1947-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். திறமை ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகும் தோற்றத்தை மறைத்தாக வேண்டிய நிலை அது. ஜெர்மன் பெயரைக் காக்க உருவான கழகம் கறுப்பினத் தாயின் மகன் ஒருவரை வளர்த்தெடுத்தது பரந்த மனத்தால் என்று புகழ்வதற்கு ஆதாரம் இல்லை. அவருக்குக் கிடைத்த இடம் தந்தை வழியான விதிவிலக்கு, அவ்வளவே. ஆனால் விதிவிலக்காக நுழைந்தவரே அந்நாட்டின் ஆட்டமுறையை மாற்றினார். ஐரோப்பியர் உடல் வலிமையால் நேர்கோட்டில் ஆடிய இடத்தில், உடலை வளைத்து எதிரியை ஏமாற்றி விலகும் நடையையும், பந்தை வளைத்து அடிக்கும் உத்தியையும் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மெக்கன்சிக்கு மாறி 1912-இல் 16 கோல்களோடு லீக்கில் முதலிடம் பெற்றார். 1919 மே 29 அன்று ரியோவில் உருகுவேக்கு எதிரான தென்னமெரிக்கச் சாம்பியன் போட்டியின் முடிவாட்டத்தில், கூடுதல் நேரத்தில் அவர் அடித்த ஒரே கோல் பிரேசிலுக்கு முதல் பெரும் பட்டத்தைத் தந்தது. அவர் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார் என்ற கூற்றை ஆவணங்கள் உறுதிப்படுத்தவில்லை. அதன் துணை இல்லாமலேயே அவருடைய இடம் உறுதியானது.

இதே காலத்தில் நகரத்தின் ஆற்றுப்படுகை வெளிகளில் வேறொரு கால்பந்து வளர்ந்துகொண்டிருந்தது. டியேட்டே, தமந்துவத்தெய் ஆறுகள் வெள்ளக் காலத்தில் மூழ்கடித்துப் பின் விட்டுச்செல்லும் தட்டையான நிலத்தை ‘வார்ஸியா’ என்பர். தொழிற்சாலை, இருப்புப்பாதைக் கூலிகளும் தையற்காரர்களும் வண்டிக்காரர்களும் அங்கே ஆடினர். 1910-இல் இங்கிலாந்தின் கொரிந்தியன் கழகம் சுற்றுப்பயணம் வந்து ஆடியதைக் கண்டு ஊக்கம் பெற்ற தொழிலாளர் சிலர் அதே பெயரில் ஒரு கழகம் தொடங்கினர். அந்தக் கொரிந்தியன்ஸ் 1913-இல் லீக்கில் சேர அனுமதி பெற்றபோது லீக்கே இரண்டாகப் பிளந்தது. பாலிஸ்தானோ, மெக்கன்சி, அட்லெட்டிகா தாஸ் பால்மெய்ராஸ் ஆகியவை தனிச் சங்கம் கண்டன. எளிய மக்களின் அணிகளோடு ஆட மனமின்மை, ஆட்டங்கள் வெலோட்ரோமோவில் நடப்பதா அன்டார்க்டிகா பூங்காவில் நடப்பதா என்ற பணத் தகராறு ஆகிய இரண்டும் அதற்குக் காரணங்கள். ஜெர்மானியா பழைய லீக்கிலேயே நின்றது. அவ்வாண்டு தொழிலாளர் கழகத்தின் முதல் லீக் ஆட்டத்தில் எதிரணியாக நின்று 3-1 என வென்றதும் ஜெர்மானியாவே. பீர் ஆலைப் பூங்காவோடு அதற்கிருந்த தொடர்பு இந்நிலைப்பாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எவ்வாறாயினும், சில ஆண்டுகளுக்கு ஜெர்மன் வணிகர் பிள்ளைகளும் நகரத் தொழிலாளரும் ஒரே அட்டவணையில் ஆடினர் என்பது இக்கழகத்தின் வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி. 1914-இல் அந்த லீக்கின் பட்டத்தைக் கொரிந்தியன்ஸ் வெல்ல, 1915-இல் ஜெர்மானியா தன் இரண்டாவது பட்டத்தைப் பெற்றது. அதுவே கடைசிப் பட்டமும் ஆயிற்று.

அப்போது ஐரோப்பாவில் முதல் உலகப் போர் இரண்டாம் ஆண்டில் இருந்தது. ஆங்கிலேயர் கழகம் 1912-லேயே லீக் கால்பந்தை விட்டு விலகிவிட்டதால், போரிடும் இரு நாட்டவர் சாவோ பாவுலோவில் லீக் ஆட்டத்தில் எதிர்ப்பட வேண்டிய சங்கடம் எழவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரேசில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்ததைத் தொடர்ந்து 1917 அக்டோபர் 26 அன்று பிரேசில் போர் அறிவித்தது. ஜெர்மன் மொழி இதழ்கள் தடை செய்யப்பட்டன. தென் மாநில நகரங்களில் ஜெர்மானியரின் கடைகளும் மன்றங்களும் தாக்கப்பட்டன. ஆனாலும் ஜெர்மானியா என்ற பெயர் அந்தப் போரில் தப்பிப் பிழைத்தது. இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது: 1919-இல் ஹாம்பர்க்கின் ஜெர்மானியா வேறு இரு கழகங்களோடு இணைந்து, இன்று ஹாம்பர்க் விளையாட்டுச் சங்கம் என அறியப்படும் பெருங்கழகமாக மாறியபோது, தன் பெயரைத் துறந்தது. தாய்க் கழகம் விட்டுவிட்ட பெயரைக் கடலுக்கு அப்பால் சேய்க் கழகம் அதன் பின்னும் இருபதாண்டுகளுக்கு மேல் தாங்கியது.

அன்டார்க்டிகா பூங்கா 1920-இல் இத்தாலியக் குடியேறிகளின் கழகமான பலெஸ்ட்ரா இத்தாலியாவின் உடைமையானது. ஜெர்மானியாவின் கவனம் பின்யேரோஸ் ஆற்றங்கரையில் வாங்கிய பரந்த நிலத்தின் மீது திரும்பியது. நீச்சல், டென்னிஸ், தடகளம், குடும்ப விழாக்கள் ஆகியவை அங்கே வளர்ந்தன. கால்பந்து கழகத்தின் பல பிரிவுகளுள் ஒன்றாகச் சுருங்கியது. இது தற்செயல் நிகழ்ச்சி அன்று. சந்தா கட்டும் உறுப்பினர்களுக்காக வாழும் கழகத்துக்கும், நுழைவுச் சீட்டு வாங்கும் பார்வையாளர்களுக்காக வாழும் கழகத்துக்கும் உள்ள வேறுபாடு இக்காலத்தில்தான் தெளிவாயிற்று. முதல் வகையில் உறுப்பினரே ஆட்டக்காரர். இரண்டாம் வகையில் உறுப்பினரும் ஆட்டக்காரரும் பார்வையாளரும் வெவ்வேறானவர். கொரிந்தியன்ஸும் பலெஸ்ட்ராவும் இரண்டாம் வகைக்கு வேகமாக நகர்ந்தன. பல்லாயிரம் பேர் திரண்ட அவர்களுடைய ஆட்டங்களில் வெல்வதற்குத் திறமையான வறியவரைச் சேர்த்தாக வேண்டும், வறியவர் வேலையை விட்டுப் பயிற்சிக்கு வர வேண்டுமானால் பணம் கொடுத்தாக வேண்டும். விதிப்படி அனைவரும் அமெச்சூர்கள், அதாவது ஊதியம் பெறாமல் ஆட்டத்தின் மீதுள்ள விருப்பத்தால் மட்டும் ஆடுவோர். உண்மையிலோ வெற்றிப் பரிசு, பெயரளவு வேலை, மறைமுகப் படி என்ற பெயர்களில் பணம் கைமாறியது. இந்த நடைமுறையைப் பழுப்பு அமெச்சூர் முறை என்று பிரேசிலியர் அழைத்தனர். இதை எதிர்த்துப் பாலிஸ்தானோ 1926-இல் அமெச்சூர் கால்பந்து லீக் என்று தனியே ஒன்று கண்டபோது ஜெர்மானியா அதில் சேர்ந்தது. 1913-இல் எளியோர் பக்கம் நின்ற கழகம் இப்போது பெருங்குடும்பங்களின் பக்கம் நின்றது. அந்தத் தூய்மைவாத லீக் 1929-இல் கலைந்தது. பாலிஸ்தானோ கால்பந்தையே கைவிட, அதன் ஆட்டக்காரர்கள் 1930 ஜனவரியில் சாவோ பாவுலோ கால்பந்துக் கழகம் என்ற புதிய அமைப்பின் கருவாயினர். ஜெர்மானியா பொது லீக்குக்குத் திரும்பி இன்னும் சில பருவங்கள் ஆடியது, எனினும் முன்னணி அணிகளோடு ஈடுகொடுக்க அதனால் இயலவில்லை.

முடிவைத் துரிதப்படுத்தியது ஐரோப்பாவின் பணம். 1931-இல் இத்தாலிய வம்சாவளியினரான சாவோ பாவுலோ ஆட்டக்காரர் பலரை ரோம் நகரின் லாசியோ கழகம் ஊதியம் தந்து அழைத்துக்கொண்டது. அவர்களுள் அன்ஃபிலோஜினோ குவாரிசி 1934-இல் இத்தாலியின் உலகக் கோப்பை அணியிலும் இடம்பெற்றார். நல்ல ஆட்டக்காரர்களை ஊரில் நிறுத்த வேண்டுமானால் ஊதியத்தை வெளிப்படையாக ஏற்பதைத் தவிர வழியில்லை என்று பெரிய கழகங்கள் முடிவு செய்தன. 1933 மார்ச் 12 அன்று சாந்தோஸ் நகரில் அந்நாட்டின் முதல் தொழில்முறை ஆட்டம் நடந்தது. சாவோ பாவுலோ அணி 5-1 என வென்ற அந்த ஆட்டத்தில் தொழில்முறைக் காலத்தின் முதல் கோலை அடித்தவர், அப்போது நாற்பது வயதான ஃபிரீடன்ரைக். ஜெர்மானியாவின் நீல-கறுப்புச் சட்டையில் ஆட்ட வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஜெர்மானியாவோ அந்தப் புதிய ஏற்பாட்டில் சேராமல் கால்பந்துப் பிரிவை மூடியது. இன்டர்நேஷனலும் அதே ஆண்டு வேறொரு கழகத்தோடு இணைந்து தன் பெயரை இழந்தது. ஒரே அறையில் 1899-இல் பிரிந்த இரு தரப்பும், பொதுப் பெயரைத் தேர்ந்ததும் நாட்டுப் பெயரைத் தேர்ந்ததும், ஒரே பாறையில் மோதி நின்றன. இனத்தின் பெயரே ஜெர்மானியாவை வீழ்த்தியது என்ற கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை. அனைத்து நாட்டவரையும் வரவேற்ற கழகமும் அதனோடு சேர்ந்தே மறைந்தது.

ஊதியத்தை மறுத்தவர்களின் வாதத்தில் நேர்மை இல்லாமல் இல்லை. ஆட்டத்தைச் சந்தைப் பொருளாக்கக் கூடாது என்று அவர்கள் மெய்யாகவே நம்பினர். ஆனால் வேலைக்குப் போகாமல் பயிற்சி செய்யும் ஓய்வு தம் போன்றோருக்கு மட்டுமே வாய்த்தது என்பதை அவர்கள் காணவில்லை, அல்லது காண விரும்பவில்லை. ஊதியமில்லா ஆட்டம் நீடித்திருந்தால் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பினத்தவரும் நிரந்தரமாக வெளியே நிற்க நேர்ந்திருக்கும். பிற்காலத்தில் உலகம் வியந்த பிரேசில் கால்பந்து பிறந்திருக்காது. ஜெர்மானியாவின் இழப்பை உணர்வதற்கும் அந்த இழப்பு நியாயமானது என்று ஏற்பதற்கும் இடையே முரண்பாடு எதுவும் இல்லை.

பெயர் பறிபோன கதை இதற்குப் பிந்தியது. ஹிட்லரின் கட்சிக்கு வெளிநாடுகளில் இருந்த கிளைகளுள் உறுப்பினர் எண்ணிக்கையில் மிகப் பெரியது பிரேசில் கிளையே. சுமார் 2,900 பேர் அதில் சேர்ந்திருந்தனர் என்றாலும், அந்நாட்டு ஜெர்மன் வம்சாவளியினரில் அது மிகச் சிறு பகுதி. 1937 நவம்பரில் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிய ஜெட்டூலியோ வர்கஸின் அரசு, அடுத்த ஆண்டு முதல் தேசியமயமாக்கல் இயக்கத்தை நடத்தியது: அந்நிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன, வெளிநாட்டினரின் அரசியல் அமைப்புகள் தடை செய்யப்பட்டன, சங்கங்கள் பிரேசில் பெயரும் பிரேசிலியரின் நிர்வாகமும் கொள்ளுமாறு நெருக்கப்பட்டன. 1942 ஜனவரியில் அச்சு நாடுகளோடு உறவு முறிந்து, ஆகஸ்டில் போர் அறிவிக்கப்பட்டது. பலெஸ்ட்ரா இத்தாலியா அவ்வாண்டு பால்மெய்ராஸ் ஆனது. பெலோ ஹொரிசோந்தே நகரிலிருந்த அதே பெயருடைய கழகம் குருசெய்ரோ ஆனது. அதே காலத்து நெருக்குதலில் ஜெர்மானியாவும், தன் நிலத்தை ஒட்டி ஓடிய ஆற்றின் பெயரால், பின்யேரோஸ் விளையாட்டுக் கழகமாயிற்று. பால்மெய்ராஸும் குருசெய்ரோவும் பெயர் மாறியும் பிரேசிலின் பெருங்கழகங்களாகத் தொடர்ந்தன என்பது, பெயர் மாற்றத்தால் ஓர் அணி சாவதில்லை என்பதற்குச் சான்று.

பின்யேரோஸ் இன்று உறுப்பினர்களால் நடத்தப்படும் பெரிய பல்துறைக் கழகம். நீச்சல் வீரர்களான குஸ்டாவோ போர்ஜஸ், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சேசர் சியேலோ ஆகியோர் அதன் பெயரில் போட்டியிட்டவர்கள். நீலமும் கறுப்புமே அதன் நிறங்கள். ஹாம்பர்க் விளையாட்டுச் சங்கத்தின் சின்னத்திலும் அதே நீலமும் கறுப்பும் இருக்கின்றன. ஜெர்மானியா குத்தகைக்கு எடுத்து ஆடிய அன்டார்க்டிகா பூங்கா மைதானம் இடிக்கப்பட்டு, 2014-இல் அங்கே எழுந்த பால்மெய்ராஸின் புதிய அரங்கம் அல்லியான்ஸ் பார்க் என்று ஒரு ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடு திறக்கப்பட்டது. சாவோ பாவுலோ மாநிலச் சாம்பியன்களின் பட்டியலில் 1906, 1915 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே இன்றும் ஜெர்மானியா என்றே அச்சாகிறது.